இருபதாயிரம் கொடுத்து மீட்கலாமா?

கேள்வி:

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பணியர் பழங்குடிச் சிறுமி ஒருத்தி கடந்த நவம்பர் முதல் வரவில்லை. அவளையும் அவளுடைய தம்பியையும் பெற்றோர் கூட்டிக்கொண்டு கர்நாடகத்தின் குடகு மாவட்டத்துக்குக் காப்பி பறிக்கப் போயிருக்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஜீப்பில் ஏற்றிச் சென்றார். பிப்ரவரி கடைசியில் திரும்புவதாகப் பேச்சு. இப்போது ஏப்ரல். “கணக்கு நேராகவில்லை, இஞ்சி நடவு முடித்துவிட்டுப் போகட்டும்” என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். நடுவில் சிறுமியின் பாட்டி இறந்துபோனார். பெரியப்பா நேரில் போய் அழைத்தும் சாவுக்குக்கூட அனுப்பவில்லை. காவல் நிலையத்தில், “அது கர்நாடகம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். அதைக் கொடுத்து அவர்களை அழைத்து வரலாமா? “அவர்களாகத்தானே போனார்கள், குடிப்பதற்காக அட்வான்ஸ் வாங்குகிறார்கள், மீட்டு வந்தாலும் அடுத்த வருடம் மறுபடியும் போவார்கள்” என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். உண்மையில் இது கொத்தடிமைதானா?

— ஓர் ஆசிரியை, பந்தலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பணம். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கொடுத்தால், சட்டத்தின் முன் இல்லாத ஒரு கடனை இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையே அழித்துவிட்டது. அப்படி அழிந்துபோன கடனுக்காக ஒருவர் பணம் வாங்கினால், அவருக்கு 9-ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நீங்கள் கொண்டுபோகும் 20,000 ரூபாயை வாங்கிக்கொண்டு தோட்டக்காரர் குடும்பத்தை அனுப்பிவைத்தால், ஐந்து மாத உழைப்பின் கூலியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசமாட்டார்கள். அந்த நால்வரும் கையில் ஒரு துண்டுச் சான்றுகூட இல்லாமல் ஊர் வந்து சேருவார்கள்.

தொழில் தொடங்கிய காலத்தில் இதே தவற்றை நான் செய்தேன். எல்லைக்கு அப்பால் ஓர் இஞ்சி வயலில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்காக நண்பர்களிடம் பணம் திரட்டி, முதலாளியிடம் கட்டி, அவர்களை அழைத்து வந்தேன். மறுநாள் காலை அந்தக் குடும்பத் தலைவர் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். எந்த வேலைக்கு வரவேண்டும், எத்தனை நாள் வரவேண்டும் என்று கேட்டார். அவருடைய கணக்கில் கடன் தீரவில்லை. முதலாளி கையிலிருந்து என் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த மீட்புக்கும் நான் பணம் கட்டியதில்லை, கட்டச் சொன்னதும் இல்லை.

சேர்த்த பணம் வீணாகாது. பெரியப்பா குடகின் தலைநகரான மடிக்கேரிக்குப் போய்வர, நகல் எடுக்க, பதிவுத் தபால் அனுப்ப, திரும்பி வரும் குடும்பம் முதல் மாதம் அடுப்பு எரிக்க அது வேண்டியிருக்கும்.

இனி, இது கொத்தடிமைதானா என்ற கேள்வி. கொத்தடிமை என்றதும் சங்கிலியும் பூட்டும் அடியும் உதையும்தான் நம் மனத்தில் வருகின்றன. சட்டம் பார்ப்பது வேறு. ஒருவர் வாங்கிய முன்பணத்தின் காரணமாக, குறைந்தபட்சக் கூலியை இழந்தாரா, வேறு இடத்தில் வேலை பார்க்கும் உரிமையை இழந்தாரா, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாரா, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாரா என்று அது கேட்கிறது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. முன்பணத்தோடு இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் கடிதத்தில் முன்பணம் இருக்கிறது, பேசிய காலம் முடிந்தும் அனுப்பாதது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்ற தாயோ மாமியாரோ இறந்த வீட்டுக்குப் போக முடியாமல் போனது இருக்கிறது. விசாரணை அதிகாரியிடம் நான் முதலில் எடுத்து வைக்கும் உண்மை அந்தச் சாவுதான். காப்பி பறித்த கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று நாள் கணக்கில் வாதாடலாம். தாயின் இறுதிச் சடங்குக்கு ஒரு மனிதர் தன் விருப்பத்தோடு போகாமல் இருந்தார் என்று எந்த முதலாளியாலும் நம்பும்படி சொல்லிவிட முடியாது.

“அவர்களாகத்தானே போனார்கள்” என்ற வாதம் நீதிமன்றத்துக்குப் புதிதில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், அவரை அங்கே தள்ளியது வறுமையாக இருந்தாலும் அது வற்புறுத்திய உழைப்புதான். அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது என்றது. அடுத்து ஹரியானா கல் குவாரித் தொழிலாளர் வழக்கில், “முன்பணம் வாங்கியதைத் தொழிலாளியே நிரூபிக்கட்டும்” என்று அரசுத் தரப்பு சொன்னதை நீதிபதி பி.என். பகவதி ஏற்கவில்லை. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், அதன் பின்னால் ஒரு முன்பணம் இருக்கிறது என்றே கருதிக்கொள்ள வேண்டும் என்றார். 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவும் நிரூபிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. ஆகவே “ரசீது இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா?” என்று யாராவது உங்களைக் கேட்டால் தயங்க வேண்டாம்.

உங்கள் சக ஆசிரியருக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன், கோபமாக அல்ல. கேரளத்தின் வயநாட்டில், மானந்தவாடிக்கு அருகில் வள்ளியூர்க்காவு பகவதி கோயில் இருக்கிறது. மலையாள மீன மாதத்தில், அதாவது நம் பங்குனியில், திருவிழா. முன்பு அந்தத் திருவிழாவில்தான் வயநாட்டு நிலவுடைமையாளர்கள் பணியரையும், அடியர் என்ற இன்னொரு பழங்குடியினரையும் ஓர் ஆண்டுக்குப் பிடித்துக்கொள்வார்கள். கொடுக்கும் தொகைக்கு ‘நில்ப்புப் பணம்’ என்று பெயர்: நிற்பதற்கான பணம். பகவதியின் முன்னால் வாங்கிய பணம் என்பதால், ஆண்டு முடியுமுன் விலகினால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்ற அச்சம் அவர்களைக் கட்டிப்போட்டது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இப்படி வாழ்ந்த மக்களிடம் இன்று ஒருவர் வந்து ஜீப் வாசலில் நின்று 20,000 ரூபாயை நீட்டுகிறார். அதை அட்வான்ஸ் என்கிறோம். வாங்கியவர் மனத்தில் அது நில்ப்புப் பணமாகவே இறங்குகிறது. வாங்கிவிட்டால் நின்றுதான் ஆகவேண்டும் என்று அவர் நம்புகிறார். கொடுப்பவருக்கும் அது நன்றாகத் தெரியும். பணியர் என்ற பெயரிலேயே பணி இருக்கிறது. வேலைக்காரர் என்று பிறர் அழைத்தது ஒரு மக்களின் பெயராகவே நிலைத்துவிட்டது.

குடியைப் பற்றி: சில இடங்களில் சாராயத்தைக் கூலியின் ஒரு பகுதியாகவே கொடுத்துப் பழக்கியவர்கள் முதலாளிகள். அதைப் பற்றிப் பேசும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். நான் சந்தித்த குடும்பங்களில் முன்பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும், கூரைக்கும், கல்யாணத்துக்கும், கடைக்காரர் பாக்கிக்கும்தான் போயிருந்தது.

ஏன் போகிறார்கள் என்பதற்கு உங்கள் வட்டத்தின் நிலக் கதையே பதில். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக (பரம்பரை உரிமை நிலங்களாக) இருந்த கூடலூர்ப் பகுதிக்கு 1969-இல் தனியாக ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் தொடங்கிய வழக்குகளும் தகராறுகளும் இன்னும் முடிந்தபாடில்லை. காடு வனத்துறைக்கு, மலை எஸ்டேட்டுக்கு, நடுவிலுள்ள வயல்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு என்று ஆனபின், பணியருக்கு மிஞ்சியது குடிசை நிற்கும் சில சென்ட். பச்சைத் தேயிலைக்கு விலை விழும்போது சிறு தோட்டங்களில் வேலை குறைகிறது. அதே நேரம் குடகில் காப்பிப் பழம் சிவக்கிறது. அங்கே ஆள் தேவை, இங்கே வேலை இல்லை. யாராக இருந்தாலும் ஜீப்பில் ஏறத்தான் செய்வார்கள்.

எல்லை என்பது இந்த விஷயத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். சேரம்பாடியில் காலையில் ஏறினால் சுல்தான் பத்தேரி, மானந்தவாடி, தோல்பெட்டி வழியாக குட்டா போய், ஒரே பகலில் மூன்று மாநிலங்களில் கால் வைத்துவிடலாம். தொழிலாளி நீலகிரிக்காரர், வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் பல நேரங்களில் வயநாட்டுக்காரர், வயல் குடகிலோ மைசூரு மாவட்டத்திலோ இருக்கும். தமிழ்நாட்டில், மிக நலிந்தவர்கள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்ட ஆறு தொன்மைப் பழங்குடிகளில் பணியர் ஒருவர். கேரளத்தில் அந்தத் தனிப் பட்டியலில் பணியர் இல்லை, காட்டுநாயக்கர் இருக்கிறார்கள். குடகில் பணியரை அங்குள்ள எரவர் என்ற பழங்குடியினரோடு சேர்த்து ‘பணி எரவர்’ என்று அழைப்பார்கள். ஆளும் மொழியும் குலதெய்வமும் மாறவில்லை; செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அரசு ஏட்டில் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். ஏதாவது நேர்ந்தால் மூன்று அரசுகளும் ஒன்றையொன்று கை காட்டும். காவல் நிலையத்தில் உங்களுக்குக் கிடைத்த பதிலும் அதுதான்.

நல்லவேளையாக, பணியர் மூன்று மாநிலங்களின் பழங்குடிப் பட்டியலிலும் இருக்கிறார்கள். அதனால் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குடகிலும் பொருந்தும். கட்டாய உழைப்பு வாங்குவது அதில் 3(1)(எச்) பிரிவின்கீழ் தனிக் குற்றம். சிறுமியின் சாதிச் சான்றிதழ் பள்ளியில் இருக்கும், அதன் நகலை எடுத்து வையுங்கள். ஒரு நுணுக்கம்: ஏஜென்ட்டும் பழங்குடியினராக இருந்தால் அவர்மீது இந்தச் சட்டம் பாயாது. அவர் அதே காலனிக்காரராக, தானே முதலாளியிடம் பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டவராக இருக்கவும் கூடும். அவரைப் பகைத்துக்கொள்வதைவிடச் சாட்சியாக்குவது நல்லது என்பது என் அனுபவம்.

காவல் நிலையத்துக்கு மறுபடி போங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்களுடைய வேலை. எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் அன்றே காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்.

ஆனால் கதவைத் திறக்கக்கூடியவர் போலீஸ் அல்ல, அங்குள்ள வருவாய்த் துறை அதிகாரிதான். கொத்தடிமை சட்டத்தில் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. இங்கே கலெக்டர் என்பவரை அங்கே டெபுடி கமிஷனர் என்பார்கள். நம் கோட்டாட்சியருக்கு இணையானவர் அசிஸ்டென்ட் கமிஷனர். பெயர்க் குழப்பத்தால் ‘கலெக்டர், குடகு’ என்றும் ‘ஆர்.டி.ஓ.’ என்றும் எழுதி மனுக்கள் வேறு மேசைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். (கர்நாடகத்தில் ஆர்.டி.ஓ. என்றால் வாகனப் பதிவு அலுவலகம் என்றுதான் நினைப்பார்கள்.) மடிக்கேரியில் இருக்கும் டெபுடி கமிஷனருக்கு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதி, முதல் பக்கத்துக்கு மட்டுமாவது கன்னட மொழிபெயர்ப்பு இணையுங்கள். நகல்கள் அந்த மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கும், இங்கே நீலகிரி ஆட்சியருக்கும், கூடலூர்க் கோட்டாட்சியருக்கும் போகட்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் ஒரு நீதிபதி. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987 சட்டம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் கிடைப்பார்கள். குழந்தைகளுக்காக 1098.

விண்ணப்பத்தில் சட்டப் பிரிவுகளை அடுக்குவதைவிட இடத்தைத் துல்லியமாகச் சொல்வது முக்கியம். குடகு முழுவதும் காப்பித் தோட்டம். ‘விராஜ்பேட்டை பக்கம் ஒரு எஸ்டேட்’ என்றால் எந்த அதிகாரியும் தேடிப் போகமாட்டார். பெரியப்பா நேரில் போய்வந்தவர் அல்லவா, அவரை உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கினார், அங்கிருந்து எத்தனை நேரம் நடந்தார், வழியில் கோயிலா பள்ளியா பாலமா, வாசலில் என்ன எழுதியிருந்தது, தொழிலாளர் தங்கும் லைன் வீடுகள் எத்தனை, வேறு யார் யார் இருந்தார்கள். ஜீப்பின் எண், ஏஜென்ட்டின் கைப்பேசி எண், யாருக்காவது வாட்ஸாப்பில் வந்த படம் எல்லாம் உதவும். அங்கே வேறு குடும்பங்களும் இருக்கின்றன என்றால் அவர்களையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். மறுபடி ஒருமுறை பெரியப்பா தனியாகப் போகவேண்டாம். விஷயம் கசிந்தால் ஆட்களை ஒரே இரவில் வேறு வயலுக்கு மாற்றிவிடுவார்கள்.

அதிகாரி தோட்டத்துக்குப் போகும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. மீட்பு முயற்சிகள் தோற்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். சில ஆண்டுகளுக்கு முன் எல்லையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் நானே பார்த்தேன். அதிகாரிகள் வந்தார்கள். முதலாளி காப்பி கொடுத்தார். தொழிலாளர்களை அவர் எதிரிலேயே வரிசையாக நிறுத்தி, கன்னடத்தில், “உங்களுக்கு ஏதாவது கஷ்டமா? அடித்தார்களா? அடைத்து வைத்தார்களா?” என்று கேட்டார்கள். எல்லோரும் இல்லை என்று தலையசைத்தார்கள். ‘கொத்தடிமை இல்லை’ என்று அறிக்கை எழுதப்பட்டது. மூன்று வாரம் கழித்து, மேல்முறையீட்டுக்குப் பிறகு, அதே ஆட்களை ஒரு பள்ளிக் கட்டடத்தில் தனியாக உட்காரவைத்துக் கேட்டோம். கூடவே பணியர் பெண் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். அவர் தங்கள் பேச்சிலேயே ஒரு முதியவளிடம், “ஊருக்குக் கடைசியாக எப்போது போனாய்?” என்று கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

ஆகவே விண்ணப்பத்திலேயே எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்: விசாரணை தோட்டத்துக்கு வெளியே, முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும், பணியர் மொழி தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்தப் பேச்சு தமிழும் அல்ல, கன்னடமும் அல்ல, மலையாளம் தெரிந்தவருக்கும் முழுதாகப் பிடிபடாது. பெரியப்பாவையே அழைத்துச் செல்லலாம், காலனியில் துணிந்து பேசும் ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது. ‘அடைத்து வைத்தார்களா?’ என்ற கேள்வியால் பயனில்லை. முன்பணம் எவ்வளவு, இதுவரை கையில் வந்த காசு எவ்வளவு, சந்தை நாளுக்குச் செலவுக்குக் கொடுத்தது எவ்வளவு, கணக்கு நோட்டை யாராவது படித்துக் காட்டினார்களா, ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் யாரிடம் இருக்கின்றன, வேறு தோட்டத்தில் கூலி கூடுதல் என்றால் போக முடியுமா, தாய் இறந்தபோது என்ன சொன்னார்கள்? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். காப்பி பறிப்பில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பார்கள். கிலோக் கணக்கு எதுவானாலும் நாள் கூலி அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இனி நான் சொல்வதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அங்குள்ள மாவட்ட நிர்வாகம் எழுதித் தரும் விடுதலைச் சான்று இல்லாமல் அந்தக் குடும்பம் குடகை விட்டுக் கிளம்பக் கூடாது. “பிரச்சினை எதற்கு, வண்டி ஏற்பாடு செய்கிறோம், ஊருக்குப் போகட்டும்” என்று இனிமையாகப் பேசி அனுப்பிவைப்பார்கள். அன்று அது பெரிய நிம்மதியாகத் தோன்றும். ஊர் வந்தபின் இங்குள்ள அலுவலகம் சான்று கேட்கும், அங்குள்ள அலுவலகம் ஆளே இல்லையே என்று சொல்லும். கடன் ரத்தானதற்கும் மறுவாழ்வு உதவிக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் ஆதாரம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மீதி வழக்கின் முடிவைப் பொறுத்து வரும்: ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமை நடந்திருந்தால் 3 லட்சம். இதனால்தான் சான்று ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வேண்டும் என்கிறேன். தோட்டத்து நோட்டில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவியும் காலை முதல் மாலை வரை பறித்தவர். சிறுமி வேலை செய்திருந்தால் அவளும் உழைப்பாளிதான். 14 வயதுக்குக் கீழே அவளை வேலை வாங்கியது தனிக் குற்றம். தாயின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் இழப்பது பெரிய தொகை.

முதலாளி தரப்பு பதிலடியாகத் திருட்டுப் புகார் கொடுப்பது வழக்கம். வந்தால் பயப்படாமல் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். வேறு மாநிலத் தொழிலாளர்களுக்கான சட்டமும் உண்டு. 1979 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் ஊருக்குப் போய்வரும் பயணப்படி போன்றவை இருக்கின்றன. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வெளிமாநில ஆட்களை வைத்திருக்கும் இடங்களுக்கு அந்தப் பகுதி பொருந்தாது. இஞ்சி வயல்களில் பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். அதை நம்பி நேரம் போக்க வேண்டாம். 1976 சட்டத்துக்கு ஆள் கணக்கு இல்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. இஞ்சிக்கு அழுகல் நோய் வந்தால் மருந்து மேல் மருந்தாக ஊற்றுவார்கள். கையுறை இல்லாமல், செருப்பில்லாமல் அந்த மண்ணில் நாள் முழுக்க நிற்பவர்கள் இவர்கள். இன்னொன்று, உங்கள் பகுதிப் பழங்குடிகளிடையே அரிவாள் உருச் சிவப்பணு இரத்தச்சோகை (சிக்கிள் செல்) என்ற பரம்பரை நோய் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் அது முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டதே நீலகிரி மக்களிடம்தான். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், குளிரும் தாகமும் ஓய்வில்லாத உழைப்பும் வலியைத் தூண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை ஐந்து மாதமாக நின்றிருக்கும். அப்படி ஒருவர் இருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், அதிகாரி விரைவாக நகர்வதற்கு அதுவே ஒரு காரணமாகும்.

“மறுபடியும் போவார்கள்” என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மையாகலாம். போவதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை, தடுக்கவும் வேண்டாம். குடகில் நல்ல கூலி கொடுத்து, பேசிய நாளில் அனுப்பிவைக்கும் தோட்டங்களும் இருக்கின்றன. வருடா வருடம் போய்க் கூரைக்கு ஓடு வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் முன்பணம் வாங்காமல் போனவர்கள், அல்லது ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து, தங்களில் ஒருவர் கணக்கு எழுதும்படி பார்த்துக்கொண்டவர்கள். அடுத்த நவம்பருக்கு முன் காலனியில் ஒரு நோட்டு இருக்கட்டும்: யார் போகிறார்கள், யார் கூட்டிப்போகிறார், வண்டி எண், தோட்டத்தின் பெயர், திரும்பும் தேதி. ஆதார் அட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டாம், நகல் போதும். பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியிலோ பருவகால விடுதியிலோ விட்டுவிட்டுப் போக முடியுமா என்று அக்டோபரிலேயே பெற்றோரிடம் பேசுங்கள். பாட்டி இருந்தவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார், இப்போது இல்லை. கோட்டாட்சியர் தலைமையில் கொத்தடிமைக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்றும் அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும் என்றும் 13-ஆம் பிரிவு சொல்கிறது. கூடலூரில் அந்த மூவர் யார், அவர்களில் பணியர் உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

சிறுமி பல மாதங்களாக வரவில்லை என்று அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் எடுக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் நவம்பரில் எந்த நாளில் அவள் கடைசியாக வந்தாள் என்பது உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. ஏஜென்ட் எழுதிய நோட்டில் அந்தக் குடும்பம் எப்போது வேலைக்குச் சேர்ந்தது என்று என்ன தேதி வேண்டுமானாலும் இருக்கலாம். அதை மறுக்கும் அரசு ஆவணம் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, தலைமை ஆசிரியரின் சான்றொப்பத்தோடு விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், அன்றே பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.